லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியது)

முப்பத்தைந்து வருஷம் வங்கியில் கணக்கு எழுதியவன் நான். கம்ப்யூட்டர் நிபுணன் அல்ல. ஒருமுறை ஏமாந்தவன் என்ற தகுதியில்தான் பேசுகிறேன்.

ஓய்வு பெற்ற புதிதில், விலை குறைவு என்று ஒரு லேப்டாப் வாங்கினேன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி ஸ்டோரேஜ். ஆறே மாதத்தில் இடம் நிரம்பி, விண்டோஸ் அப்டேட் ஏற மறுத்தது. பேத்தியின் ஆன்லைன் வகுப்பு பாதியில் நின்றது. "ரெண்டுமே போர்டோடு சேர்ந்தது சார், கூட்ட முடியாது" என்றார் சர்வீஸ் பையன். பென்ஷன் பணம் போனது போனதுதான்.

கரண்ட் பில் கட்ட, பேங்க் வேலை பார்க்க, வெளியூர்ப் பிள்ளைகளோடு வீடியோவில் பேச என்றால் மூன்றை மட்டும் பாருங்கள். ரேம் 8 ஜிபி இருக்க வேண்டும். ஸ்டோரேஜ் எஸ்எஸ்டியாக, 256 ஜிபிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பின்னால் ரேம் கூட்ட வழி உண்டா என்று கடையிலேயே கேளுங்கள். கேம் விளையாடாதவர்களுக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு வீண் செலவு.

செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் கவனத்துக்கு: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 14.10.2025-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை ப்ராசஸராவது வேண்டும். பாதுகாப்பு அப்டேட் வராத கம்ப்யூட்டரில் நெட்பேங்கிங் செய்வது, பீரோவைத் திறந்துபோட்டு ஊருக்குப் போவது மாதிரி.

வீட்டில் இருப்பது விண்டோஸ் 11 ஏறக்கூடியது, ஹார்டு டிஸ்க்கால்தான் மெதுவாக ஓடுகிறது என்றால், முதலில் எஸ்எஸ்டி மாற்றிப் பாருங்கள். புதிது வாங்கும் செலவே மிச்சமாகலாம்.

வாங்கினால் பில்லைப் பத்திரமாக வையுங்கள்.