படிப்பில் இடைவெளி: நோய்க்கு ஒரு கதவு, வறுமைக்கு வெளியேற்றம்

(மாணவர் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2023-24 கல்வியாண்டில் அமெரிக்கக் கல்வி நிறுவனங்களின் கணக்கில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர். வேறு எந்த நாட்டு மாணவர்களைக் காட்டிலும் இது அதிகம். இவர்களில் கடன் வாங்கிச் சென்றவர்கள் ஏராளம். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணை வேண்டும். பிள்ளை விமானம் ஏறும்போதே குடும்பத்தின் வீடோ நிலமோ அடகுக்குப் போய்விடுகிறது.

உள்நாட்டில் படிக்கும் மாணவர் நோயினாலோ பணமின்மையாலோ ஒரு பருவம் படிப்பை நிறுத்தினால், அந்தப் பருவம்தான் வீணாகும். அயல்நாட்டில் நிறுத்துபவரோ அங்கே தங்கும் உரிமையையே இழக்க நேரிடும். கடவுச்சீட்டில் ஒட்டப்பட்ட எஃப்-1 விசா அமெரிக்காவுக்குள் நுழைவதற்கானது. தங்கும் உரிமை, செவிஸ் எனப்படும் அரசின் மின்னணுப் பதிவேட்டைச் சார்ந்தது. விசாவில் இன்னும் ஆண்டுகள் மீதமிருக்கலாம். பதிவு முடிக்கப்பட்டால் தங்கும் உரிமையும் முடிகிறது.

பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்திடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற்று விலகுபவர் 15 நாட்களில் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். சொல்லாமல் நின்றுவிடுபவருக்கு அந்த 15 நாட்களும் இல்லை. ஐந்து மாதங்களுக்குள் திரும்புபவரின் பழைய பதிவை உயிர்ப்பிக்க வழியுண்டு. அதற்கு மேற்பட்டால் புதிய ஐ-20 படிவம், மீண்டும் 350 டாலர் செவிஸ் கட்டணம், பெரும்பாலும் புதிய விசா நேர்காணல் ஆகியவை தேவைப்படும். படிப்பு சார்ந்த வேலைப் பயிற்சிக்குத் தகுதி பெற மறுபடியும் ஒரு கல்வியாண்டு முழுநேரம் படிக்க வேண்டும். அந்தப் பயிற்சிக் கால ஊதியத்தை நம்பித்தான் கடன் வாங்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது.

இங்கேதான் விதியின் வர்க்க முகம் தெரிகிறது. மருத்துவச் சான்று இருந்தால், ஒரு பட்டப்படிப்பு நிலைக்கு 12 மாதங்கள் வரை பாடச் சுமையைக் குறைக்கலாம். முழுவதுமாக நிறுத்தியும் வைக்கலாம். தங்கும் உரிமை நீடிக்கும். இதை அறியாமலே விலகி ஊர் திரும்புவோர் உண்டு. ஆனால் 'கட்டணம் கட்டப் பணமில்லை' என்ற காரணத்துக்கு இந்தச் சலுகை கிடையாது. கடும் பொருளாதார நெருக்கடியில் வெளியே வேலை செய்ய விண்ணப்பிக்கலாம் என்ற விதி இருக்கிறது. அதற்கும் ஒரு கல்வியாண்டு முடித்திருக்க வேண்டும், முழுநேரப் படிப்பும் தொடர வேண்டும். பணமில்லாததால் படிப்பை நிறுத்த நேர்ந்தவருக்கு அதனால் என்ன பயன்?

கனடாவில் நிறுவனத்தின் ஒப்புதலுடன் 150 நாட்கள் வரை விடுப்பு உண்டு. அந்நாட்களில் வேலை செய்யக் கூடாது. வாடகையும் உணவும் எங்கிருந்து வரும்? விதி அதற்கு விடை சொல்லவில்லை.

சொல்லாமல் படிப்பை விட்டாலோ வகுப்புக்கு வராவிட்டாலோ விசா ரத்தாகலாம் என்று இந்தியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2025 மே மாதம் எச்சரித்தது. அதற்கு முந்தைய மாதம்தான், படித்துக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான அயல்நாட்டு மாணவர்களின் செவிஸ் பதிவுகள் திடீரென முடிக்கப்பட்டன. மாணவர்கள் நீதிமன்றங்களுக்குச் சென்றனர், தடையாணைகள் குவிந்தன, நிர்வாகம் பதிவுகளை மீட்டளிக்க வேண்டியதாயிற்று. அஞ்சி ஒதுங்கியிருந்தால் இது நடந்திருக்காது.

எனவே மாணவர்கள் மனத்தில் கொள்ள வேண்டியது இது: வகுப்பை நிறுத்துவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தை அணுகி, ஒப்புதலை எழுத்தில் பெற வேண்டும். நோயெனில் மருத்துவச் சான்றை அப்போதே அளிக்க வேண்டும்.

ஒன்றிய அரசும் கைகழுவ முடியாது. படிப்பு தடைபடும் காலத்துக்குக் கல்விக் கடனின் தவணையும் வட்டியும் நிறுத்திவைக்கப்பட வேண்டும். 2009இல் உருவாக்கப்பட்ட இந்தியச் சமூக நல நிதியிலிருந்து, இடையில் விலக நேரும் மாணவர்களுக்குத் தயக்கமின்றி உதவி வழங்கப்பட வேண்டும். தூதரகங்களில் மாணவர்களுக்குச் சட்ட உதவி கிடைக்க வேண்டும். அனைத்துக்கும் மேலாக, உள்நாட்டுப் பொதுக் கல்வி வலுப்பெற வேண்டும். வீட்டை அடகு வைத்துத்தான் உயர்கல்வி பெற முடியும் என்ற நிலை மாறும்வரை, இந்தக் கோரிக்கைகளுக்கான போராட்டம் ஓயக் கூடாது.