ஆறாயிரம் வோல்ட்டும் ஒரு சைக்கிள் டியூபும்

சின்ன காஞ்சிபுரத்துல எங்க வீட்டு மாடியில இருந்து பேசறேன். நடுவுல தறிச் சத்தம் கேட்டா பொறுத்துக்கோங்க, பக்கத்து வீட்டுல ஒரு கல்யாணச் சேலை அவசரம்.

போன எபிசோடுல சொன்ன பழைய ஸ்பீக்கர் ஜோடி ஞாபகம் இருக்கா? குவாட் இ.எஸ்.எல். இங்கிலாந்துல பீட்டர் வாக்கர் 1957-ல விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண ஸ்பீக்கர்ல இருக்கற காயில், கோன், காந்தம் எதுவும் இதுல கிடையாது. ஓட்டை போட்ட ரெண்டு தகடு, நடுவுல தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம், அவ்வளவுதான். பாஸ் பேனல்ல அந்தப் படலத்துக்குச் சுமார் 6,000 வோல்ட் ஏத்தணும். பாட்டு தகடுகளுக்குப் போகும். ஒண்ணு இழுக்க, இன்னொண்ணு தள்ள, படலம் முழுசா அசையும்.

இதோட எதிரி தூசியும் ஈரமும். மின்னேற்றம் உள்ள படலம் தூசியை இழுக்கும். மழைக்காலத்துல அந்தத் தூசி வழியா மின்னேற்றம் கசியும். எனக்கு வந்ததுல ஒரு ஸ்பீக்கர் கிசுகிசுன்னு முனகிட்டு, சத்தமே எழும்பல.

ரிவெட்டைத் துளைச்சுப் பேனலைப் பிரிச்சேன். அறுபது வருஷப் படலத்தை நானே கிழிச்சுட்டேன். இன்னும் வலிக்குது. சரி, புதுப் படலத்தைக் கையால இழுத்து ஒட்டினேன். மின்சாரம் கொடுத்ததும் ஒரு தகட்டோட போய் ஒட்டிக்கிச்சு. இழுவை பத்தல.

பக்கத்து வீட்டு அண்ணா எட்டிப் பாத்தாரு. “தம்பி, பாவு ஒரு பக்கம் தொளதொளன்னு இருந்தா எப்படி நெய்யறது?”ன்னாரு. படலத்தை விரலால தட்டி, எங்க தளர்ந்திருக்குன்னு காட்டினாரு. சரியா அங்கதான் ஒட்டியிருந்துச்சு!

அடுத்த தடவை சட்டத்தைச் சுத்தி சைக்கிள் டியூபை வச்சு, அதுமேல படலத்தை ஒட்டிக் காத்தடிச்சேன். நாலு பக்கமும் ஒரே சீரா இழுத்துச்சு. அப்புறம் கிராஃபைட் பொடியைத் தேச்சு, முக்கால்வாசியைத் துடைச்சுட்டேன். மின்னேற்றம் இருந்த இடத்துலயே நிக்கணும், ஓடக் கூடாது. ரொம்பப் பூசினா ஒரே இடத்துல குவிஞ்சு பொறி பறக்கும்.

முக்கியமா ஒண்ணு: பிளக்கைப் பிடுங்கின பிறகும் கெப்பாசிட்டர்ல மின்சாரம் தங்கியிருக்கும். அதை முறையா வெளியேத்தத் தெரியாம பின்பக்க மூடியைத் திறக்காதீங்க. நான் திறந்தேன், டெஸ்டர் கையை விட்டுப் பறந்துச்சு. அம்மா ஒரு வாரம் என்கூடப் பேசல.

இப்ப ரெண்டும் பாடுது. மத்த பேனல்கள்ல பழைய படலம்தான். ஐப்பசி மழை வர்ற வரைக்கும் அதுங்களைத் தொடப் போறதில்ல.