வஸ்வாஸும் நம் பிள்ளைகளும்

(திருவேங்கடத்தில் நடைபெற்ற ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

வரவு செலவுக் கணக்கும் கபரஸ்தான் சுற்றுச்சுவர் விவகாரமும் பேசி முடிந்த பிறகு எஞ்சிய நேரத்தை நமக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த நேரத்தில் ஒரு சிறுவனைப் பற்றிப் பேச விரும்புகிறோம். பெற்றோரின் அனுமதி பெற்றே பேசுகிறோம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் இருக்கிறோம். ஆகவே இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று எவரும் ஆராய வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக் கொள்கிறோம்.

அவனுக்கு எட்டு வயது. மக்தபில் நன்றாக ஓதுகிறவன். மஃரிபுக்கு வந்தால் ஹவுளின் ஓரத்தில் அமர்ந்து ஒளுச் செய்யத் தொடங்குவான். தொழுகை முடிந்து எல்லோரும் வெளியேறும் போதும் முழங்கையைத் தேய்த்துக் கழுவிக் கொண்டிருப்பான். இந்த வயதில் இத்தனை பேணுதலா என்று நாம் வியந்தோம். மற்றப் பிள்ளைகளுக்கு அவனை முன்மாதிரியாகக் காட்டினோம். நம்மில் ஒருவர் பேனா வாங்கிப் பரிசளித்தார். அவனுடைய விரல் இடுக்குகளில் தோல் வெடித்து இரத்தம் கசிந்து கொண்டிருந்ததை நம்மில் ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டில் நடந்தது வேறு. பள்ளிக்கூடப் பையைத் தொட்ட கை நஜீஸாகிவிட்டதோ என்ற அச்சம். கழுவினால் கழுவியது போதவில்லையோ என்ற ஐயம். இரவில் படுக்கையிலிருந்து, "உம்மா, நான் சுத்தமாயிட்டேனா?" என்று இருபது, முப்பது தடவை கேட்பான். நம் கரிசல் பூமியில் தண்ணீருக்குப் படும் பாட்டை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குடம் குடமாகப் பிடித்து வைத்த தண்ணீர் ஒரு பிள்ளையின் கைகளில் வழிந்து போவதைக் கண்ட வாப்பா கையை ஓங்கியதும் உண்டு. பாட்டியார் தாயத்து ஒன்று கட்டிவிட்டார்கள். தாயத்து நனைந்தால் அதன் கண்ணியம் கெட்டுவிடுமோ என்று அந்தப் பிள்ளைக்குப் புதிதாக இன்னொரு பயம் பிறந்ததே மிச்சம்.

கடைசியில் திருநெல்வேலிக்கு அழைத்துச் சென்றார்கள். மனநல மருத்துவர் பிள்ளையுடனும் பெற்றோருடனும் நெடுநேரம் பேசிவிட்டு, இதற்கு ஓ.சி.டி. என்று பெயர், தமிழில் எண்ணச்சுழற்சி நோய் என்பார்கள் என்றார். வேண்டாத ஓர் எண்ணம் வலிய வந்து மனத்தில் நுழைகிறது. அது பெரும் பதற்றத்தைக் கிளப்புகிறது. பதற்றம் தணிய ஒரு செயலைச் செய்கிறான்: கழுவுகிறான், எண்ணுகிறான், திரும்பத் திரும்பக் கேட்கிறான். சற்று நேரம் நிம்மதி. பிறகு அதே எண்ணம் முன்னிலும் வலுவாக வருகிறது. மூளையின் முன்பகுதிக்கும் ஆழ்பகுதிக்கும் இடையே செய்தி செல்லும் சுற்றுப்பாதையில் உள்ள கோளாறு இது என்பது ஆய்வாளர்களின் கருத்து. பரம்பரைக்கும் இதில் பங்குண்டு. வளர்ப்புக் குறையால் வருவதன்று. ஈமானின் குறையாலும் அன்று. பேணுதலின் மிகுதியாலும் அன்று. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வரக்கூடியது என்றால், நம் மஹல்லாவில் இவன் ஒருவன் மட்டுமாக இருக்க முடியாது.

வெள்ளைக்காரர்கள் கண்டுபிடித்த புதுமை என்றும் இதை ஒதுக்கிவிட வேண்டாம். இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பகுதியில் பிறந்து கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர், உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் ஒருங்கே வைத்து ஒரு நூல் எழுதினார். அதில் வஸ்வாஸுக்கென்றே தனி அத்தியாயம் ஒதுக்கி, அதை மருத்துவம் செய்யத்தக்க நோயாக விளக்கியிருக்கிறார். 2015-இல் ஆய்வாளர்கள் அந்த அத்தியாயத்தை இன்றைய மருத்துவ இலக்கணத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் பெரிதும் பொருந்துவதாக வெளியிட்டார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு நம் முன்னோர் நோய் என்று எழுதி வைத்ததை நாம் பேணுதல் என்று பாராட்டிப் பேனா கொடுத்தோம்!

இனி, சொல்ல வந்த விஷயத்திற்கு வருவோம். அந்தத் தாய் ஒவ்வோர் இரவும் முப்பது தடவையும் பொறுமையாக, "சுத்தமாயிட்டே ராசா, தூங்கு" என்று பதில் சொன்னார். இதைவிடப் பெரிய அன்பு இல்லை. ஆனால் அந்தப் பதில்தான் நோயின் உணவு என்று மருத்துவர் சொன்னபோது அவர் அழுதுவிட்டார். வாசலில் வந்து நிற்கும் ஆட்டுக்கு ஒருநாள் கழுநீர் ஊற்றினால், மறுநாளும் அதே நேரத்திற்கு வந்து நிற்கிறதல்லவா? ஐயம் கேட்கும், தாய் பதிலளிப்பார், ஐயம் வயிறு நிறைந்து போகும், பசித்ததும் திரும்பி வரும். அவனுக்கென்று தனிச் சோப்பு, தனித் தட்டு, அவன் தொடாதபடி தம்பியின் பையை ஒதுக்கி வைத்தல் எல்லாமே அன்பினால் செய்தவை, எல்லாமே கழுநீர்.

அப்படியானால் நாளை முதல் வாயை மூடிக் கொண்டு, தண்ணீர்க் குழாயையும் பூட்டிவிடலாமா? கூடவே கூடாது. அது பிள்ளையை வெள்ளத்தில் தள்ளுவதாகும். பிள்ளை அமைதியாக இருக்கும் வேளையில் அவனோடு உடன்பாடு செய்து கொள்ள வேண்டும். இந்தத் தொல்லைக்கு ஒரு பெயர் வைக்கும்படி மருத்துவர் சொன்னார். அவன் வைத்த பெயர் தொணதொணப்பான். (பெரியவர்கள் கூடிப் பேசினாலும் இவ்வளவு பொருத்தமாக வைத்திருக்க மாட்டோம்.) இப்போது அவன் கேட்டால் உம்மா, "இது நீ கேக்கலை, தொணதொணப்பான் கேக்குறான். நான் பதில் சொன்னா அவனுக்குக் கொழுப்பு ஏறும். நான் உன் பக்கத்துலயே இருக்கேன்" என்கிறார். பதில் இல்லை, ஆனால் ஆள் இருக்கிறார். இதுவும் ஒரே நாளில் அன்று. முதல் வாரம் முப்பது பதில் இருபதானது, அடுத்து பத்து.

மருத்துவர்கள் செய்யும் பயிற்சியும் இதே வழிதான். 1966-இல் இலண்டனில் விக்டர் மேயர் என்பவர் இரண்டு நோயாளிகளிடம் செய்து காட்டிய முறை அது. அஞ்சும் பொருளைத் தொடச் செய்து, கழுவாமல் பொறுத்திருக்கச் செய்வது. குறைந்த அச்சத்தில் தொடங்கி, படி ஏறுவதுபோல் ஒவ்வொன்றாக, பிள்ளையின் சம்மதத்தோடு செய்ய வேண்டும். பதற்றம் ஏறும், சற்று நேரத்தில் தானே இறங்கும். கழுவாமலே இறங்கியது என்பதை அந்தப் பிள்ளை தன் உடம்பில் அறிந்து கொள்வதே மருந்து. 2004-இல் அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையுள்ள 112 பிள்ளைகளைப் 12 வாரங்கள் கவனித்த ஆய்வின் முடிவு வந்தது. பயிற்சியும் செர்ட்ராலின் மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் ஏறக்குறைய நீங்கியது. பயிற்சி மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு நான்கு பேர். மாத்திரை மட்டும் பெற்றவர்களில் பத்துக்கு இருவர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. ஆகவே மாத்திரை மட்டும் வாங்கி வந்தால் போதும் என்று இருந்துவிடாமல், பயிற்சியையும் கேட்டுப் பெறுங்கள். மாத்திரை எழுதினால் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகலாம். தொடக்க நாட்களில் பிள்ளையிடம் புதிய படபடப்போ மாற்றமோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது. தொண்டை வலி, காய்ச்சலுக்குப் பின் ஓரிரு நாளில் திடீரென்று இத்தகைய குணம் தோன்றியிருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மார்க்கத்தின் பக்கம் வருவோம். ஐயத்தினால் உறுதி நீங்காது என்பது நம் பிக்ஹுச் சட்டத்தின் அடிப்படை விதிகளுள் ஒன்று. தொழுகையில் ஒளு முறிந்ததோ என்று ஐயம் வருவதாக முறையிட்டவர் விஷயத்தில், சப்தத்தைக் கேட்டாலோ வாடையை உணர்ந்தாலோ அன்றித் தொழுகையை விட்டு விலக வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதைப் புகாரீயில் காண்கிறோம். அவர்கள் ஒளுச் செய்தது ஒரு முத்து அளவுத் தண்ணீரில். இரு கைகளையும் சேர்த்து அள்ளினால் வரும் அளவு! மருத்துவர், பொறுத்திரு என்கிறார். பிக்ஹும், பொருட்படுத்தாதே என்கிறது. இரண்டுக்கும் இடையே பகை எங்கே?

ஆனால் இங்கும் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த விதியை அந்தப் பிள்ளைக்கு ஹஜ்ரத் ஒருமுறை சொல்லிவிட்டால், மறுநாள் வந்து, "நேற்றைக்குச் சொன்னது இன்றைக்கும் பொருந்துமா?" என்று கேட்பான். அதற்கும் பதில் சொன்னால் ஹஜ்ரத்தும் கழுநீர் ஊற்றுகிறவராகிவிடுவார். ஆகவே ஹஜ்ரத் அவர்கள் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிட்டார்கள்: ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை கழுவினால் உன் ஒளு நிறைவேறியது; மறுபடி கேட்டால் பதில் கிடையாது. உஸ்தாதுமார்களும் இதையே கடைப்பிடிக்கிறார்கள்.

கை கழுவாத பிள்ளைகளிடமும் இந்நோய் உண்டு. தொழுகையில் நிற்கும் போது அல்லாஹ்வைப் பற்றியே தகாத எண்ணம் வரும். தம்பியைக் குத்திவிடுவோமோ என்று தோன்றும். வெளியே சொன்னால் என்ன ஆகுமோ என்று அஞ்சி அந்தப் பிள்ளை மெளனமாகிவிடும். நாவால் சொல்லவும் கூசும் எண்ணங்கள் வருவதாக ஸஹாபாக்களே முறையிட்டபோது, அந்தக் கூச்சமே தெளிவான ஈமான் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை முஸ்லிமில் காண்கிறோம். அந்த எண்ணத்தை வெறுப்பதால்தானே பிள்ளை துடிக்கிறது? அத்தகைய பிள்ளையிடம் ஜின், ஷைத்தான் என்று பேசி மேலும் அச்சுறுத்துவது பெரும் கொடுமை.

துஆ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. துஆவை மட்டும் நம்பி மருந்தை மறுத்த காலத்தின் கசப்பு நமக்குத் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ஏர்வாடியில் (நெல்லை மாவட்டத்து ஏர்வாடி அன்று, இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி) தனியார் மனநல இல்லத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்பியோட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். பின்னாளில் அதே தர்காவில் மருந்தும் துஆவும் ஒருங்கே கிடைக்க அரசு வழி செய்தது. அந்த ஏற்பாடு முன்னமே இருந்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சிகிச்சைக்குத் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. முதலில் யாரிடமாவது கேட்டுத் தெளிய வேண்டுமானால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாக அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். பேருந்துச் செலவுக்கு இயலாதவர்கள் கமிட்டிச் செயலாளரிடம் தனியே சொன்னால் போதும். காரணம் கேட்கப்பட மாட்டாது.

ஜமாஅத்தாராகிய நம்மிடம் அந்தப் பெற்றோர் கேட்டுக் கொண்டது ஒன்றுதான். அவன் ஹவுளில் இருக்கும் போது யாரும் அவனைப் பார்த்துக் கொண்டிருக்க வேண்டாம். பாராட்டவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம்.

சென்ற வெள்ளிக்கிழமை மஃரிபுக்கு அவன் வந்தான். மோதினார் வேண்டுமென்றே பாய் உதறப் போய்விட்டார். ஒவ்வோர் உறுப்பையும் ஒருமுறை கழுவிவிட்டு எழுந்தான். படியருகே வந்தவன் திரும்பி, தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றான். பிறகு வந்து கடைசி ஸஃப்பில் வாப்பாவின் பக்கத்தில் தக்பீர் கட்டினான். அன்று இஷாவுக்கு மறுபடி கால் மணி நேரம் ஆயிற்று. பரவாயில்லை என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாராம்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.