ஜிம் கார்பெட்: காத்தலே வீரம்



முன்னோர் ஏந்திய வாளின் பெருமையை நாம் அடிக்கடி பேசுகின்றோம். இன்று பிறிதொரு வீரரை நினைவுகூர விழைகின்றோம். 1875-ல் நைனித்தாலிற் பிறந்த ஜிம் கார்பெட், 1917-ல் குமாயூன் மலைமக்கள் 500 பேரைத் திரட்டிப் பிரான்சுப் போர்க்களப் பணிக்கு அழைத்துச் சென்றார். மணம் புரிந்திலர், எனினும் அன்னையையும் உடன்பிறந்தாள் மாகியையும் இறுதிவரை பேணினார். 436 பேரைக் கொன்றதாகக் கூறப்படும் சம்பாவத்துப் பெண்புலியை 1907-ல் வீழ்த்தினார். ஏழைக் குடியானவர் பயிரைக் காட்டு விலங்குகள் அழியாவண்ணம், தம் சிற்றூரைச் சுற்றி மதில் எழுப்பினார். அவரே பின்னாளில் துப்பாக்கியை விடுத்துப் படக்கருவியை ஏந்தி, புலியினம் அழியலாகாதென வாதாடினார். 1955-ல் கென்யாவிற் காலமானார். 1936-ல் அமைந்த தேசிய வனம் பின்னர் அவர் பெயர் பெற்றது.

எத்துணைப் பேரை வென்றோம் என்பதன்று. எவரைக் காத்தோம் என்பதே வீரத்தின் அளவென்பதை நம் இளைஞர் உணர்வாராக.