ஜாப் ஒர்க்குக்கே சலான் கேட்கிறோம், துணைவேந்தர் நாற்காலிக்குக் கணக்கு கேட்கக் கூடாதா?

(திருப்பூர் தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம்ம ஊர்ல நூறு டஜன் பனியனை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பினாலும் சலான் இல்லாம துணி வெளியே போகாதுங்க. பீஸ் ரேட் என்ன, என்னைக்குத் திரும்பி வரணும், செக்கிங்ல எத்தனை கழிஞ்சது, எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. ஆனா நம்ம பிள்ளைங்க படிக்கிற பல்கலைக்கழகத்தோட தலைமைப் பதவிக்கு?

சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரி, எல்.ஆர்.ஜி. அரசு மகளிர் கல்லூரி ரெண்டுமே கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. பவர் டேபிள்ல உட்கார்ந்து தைக்கிற அம்மாவோட பொண்ணு, குடும்பத்தின் முதல் பட்டதாரியா வர்றது இங்கேதான்.

2018 பிப்ரவரியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தர் கணபதி, உதவிப் பேராசிரியர் பணிக்கு 30 லட்சம் ரூபாய் லஞ்சம் வாங்கியதாக லஞ்ச ஒழிப்புத் துறையால் கைது செய்யப்பட்டார். வழக்கை நீதிமன்றம் பார்த்துக்கட்டும். நம்ம கேள்வி வேற: பணி நியமனம் ஒரே நாற்காலியைச் சுத்தி நடந்தப்ப, அதை மேலே இருந்து கண்காணிச்சது யாரு?

அடுத்து வந்தவரின் பதவிக்காலம் 2022 அக்டோபரில் முடிந்தது. அதுக்கப்புறம் வருஷக்கணக்கா துணைவேந்தரே இல்லை, குழுவை வெச்சு ஓட்டினாங்க. தேடல் குழுவில் யார் இருக்கணும்னு ஆளுநருக்கும் அரசுக்கும் இழுபறி. நியமன அதிகாரத்தை மாநில அரசுக்குக் கொடுக்கும் மசோதா 2022 ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது சட்டமானது. மே மாதமே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. நடுவுல நின்னது நம்ம பிள்ளைங்க!

தேர்ந்தெடுக்கப்பட்ட அரசுக்குத்தான் அந்த அதிகாரம் வேணும். அதுல நமக்குச் சந்தேகமே இல்லை. ஆனா அதிகாரம் கைமாறினா மட்டும் போதாது, தோழர்களே. கண்காணிப்பும் கூடவே வரணும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நினைச்சுப் பாருங்க. தேவைக்கு மேல ஆள் எடுத்து நிதி நெருக்கடியில விழுந்தப்ப, 2013-ல் அரசு நிர்வாகியை நியமிச்சு, தனிச் சட்டம் போட்டு ஏத்துக்கிச்சு. உபரி ஊழியர்களை மற்ற அரசு நிறுவனங்களுக்கு மாத்த வேண்டி வந்தது. சுமை கடைசியில மக்கள் வரிப்பணத்து மேலதான் விழுந்தது.

அதனால நாம் கேட்பது மூன்று:

1. துணைவேந்தர், பதிவாளர் நியமன ஆணை, ஊதியம், படிகள், பணி நிபந்தனைகள் எல்லாம் இணையதளத்தில் வெளியாகணும்.

2. நியமனங்கள், கொள்முதல் பற்றிய தணிக்கை அறிக்கை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கப்படணும்.

3. பதவிக்காலம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே தேடல் குழு அமையணும். நாற்காலி ஒருநாளும் காலியா கிடக்கக் கூடாது.

ஒரு பீஸ்ல தையல் விட்டுப்போனா நம்ம கூலியில பிடிக்கிறாங்க. ஒரு தலைமுறையோட படிப்புல தையல் விட்டுப்போனா யார்கிட்ட பிடிக்கிறது? இதை உங்க தெருவுல, கம்பெனி வாசல்ல பேசுங்க. கல்லூரியில் பிள்ளை படிக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் பகிருங்கள்.