நெகடிவின் ஓரம்

ஒளிப்படச் சுருளில் நேரும் பழுதின் மூலத்தைக் கண்டறிவது தனித்த பயிற்சியை வேண்டும் கலை. ஆயினும் படமெடுக்கக் கற்பிக்கும் நூல்களில் அதற்குக் கடைசி அத்தியாயமே கிடைக்கிறது. சுருளின் ஜெலட்டின் படலத்தில் உள்ள வெள்ளி உப்புத் துகள்கள், ஒளி பட்டபின் டெவலப்பர் எனும் கரைசலில் கரிய வெள்ளியாக மாறுகின்றன. வேண்டாத இடத்தில் அம்மாற்றம் நேர்ந்தால் நெகடிவில் கருமையும், பிரிண்டில் வெளிறலும் தோன்றும். இடுக்கு வழியே வெளிச்சம் புகுந்து கீற்றாகவோ திட்டாகவோ விழுவது ஒளிக்கசிவு. சுருள் பழசாகியோ, வெப்பத்தில் கிடந்தோ, டெவலப்பரில் மிகுநேரம் ஊறியோ பரவலாகச் சாம்பல் பூப்பது மூட்டம்.

இத்துப்பறிதலில் படத்தைக் காட்டிலும் படத்துக்கு வெளியே உள்ள ஓரமே மதிப்பு மிக்கது. 35 மி.மீ. சுருளில், சக்கரப் பற்கள் பற்றி இழுக்கும் துளைகள் அமைந்த ஓரப்பகுதியைக் கேமராவின் உட்சட்டம் மறைத்துக்கொள்வதால், லென்ஸ் வழியே வரும் ஒளி அங்கே எட்டுவதில்லை. ஆகவே கறை படத்தின் எல்லைக்குள்ளேயே நின்றுவிட்டால் ஷட்டரையும் லென்ஸ் பக்கத்தையும் ஐயுற வேண்டும். துளைகளையும் தாண்டிப் படர்ந்திருந்தால் பின்கதவோ, சுருளின் டப்பாவோ, வெயிலில் நின்று சுருளை மாட்டிய கையோ காரணமாகும். தொழிற்சாலையில் ஒளியாலேயே பதிக்கப்பட்ட வரிசை எண்களும் அதே ஓரத்தில்தான் உள்ளன. அவை திருத்தமாகத் தெரிந்தால், எதற்கெடுத்தாலும் டெவலப்பரைப் பழிக்கும் வழக்கத்தை அன்றைக்கேனும் கைவிடலாம். லென்ஸ் உருவத்தைத் தலைகீழாகவே விழச்செய்வதால், பிரிண்டின் மேற்புறத்தில் தெரியும் கசிவு கேமராவின் அடிப்புறத்தில் புகுந்தது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

வண்ண நெகடிவில் நிறமும் துப்புத் தருகிறது. சிவப்பை உணரும் அடுக்கு பொதுவாக அடியில் இருப்பதால், பின்கதவு வழியே நுழையும் ஒளி முதலில் அதையே தாக்கி, பிரிண்டில் செம்மஞ்சள் கீற்றாகத் தெரிகிறது. 1970களின் ஜப்பானியக் கேமராக்களில் கதவின் விளிம்பை அடைத்திருந்த நுரைப்பஞ்சு காலப்போக்கில் தார்போல் பிசுபிசுத்து உதிர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். பழையதைச் சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்துப் புதியதை ஒட்டினால் போதும்.

மூட்டத்தின் வரலாறு இதனினும் வியப்பானது. 1896இல் பிரான்சில் ஆன்ரி பெக்கரல், கருந்தாளில் சுற்றிய ஒளிப்படத் தகடு யுரேனிய உப்பின் அருகே கருத்ததைக் கொண்டே கதிரியக்கத்தைக் கண்டார். 1945இல் கோடாக் நிறுவனத்தின் எக்ஸ்ரே படத்தாள்களில் காரணமின்றிப் புள்ளிகள் தோன்றியபோது, அந்நிறுவனத்தின் இயற்பியலர் ஜூலியன் வெப் படத்தாளை விட்டுவிட்டு அதைப் பொதிந்திருந்த வைக்கோல் அட்டையை ஆராய்ந்தார். இந்தியானா மாநில ஆலையில் செய்யப்பட்ட அந்த அட்டையில், நியூ மெக்சிகோவில் வெடித்த முதல் அணுகுண்டின் கதிரியக்கத் தூசு கலந்திருந்தது. இன்று விமான நிலையங்களில் பைகளைச் சோதிக்கும் சி.டி. ஸ்கேனர் கருவிகளும் சுருளில் மூட்டம் ஏற்படுத்த வல்லவை என்பதால், சுருளைக் கையால் சோதிக்கக் கோருவதே நல்லது.

லேப்கள் அனுப்பும் ஸ்கேன் கோப்புகளில் ஓரம் பெரும்பாலும் வெட்டப்பட்டே வருகிறது. ஆதலால் சுருளைக் கழுவக் கொடுக்கும் நேயர்கள் நெகடிவையும் தவறாமல் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.