வேர்க்குருவும் காலமைன் லோஷனும்



சித்திரை வெயில் ஏறியதும் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு பொரிந்துவிடுகிறது. சொறியச் சொறிய எரியும். எரிச்சல் தணியுமுன் மறுபடி கை போகும். பிள்ளைகள் இரவில் தூங்காமல் அழுவார்கள். இந்த நமைச்சலுக்கு மருந்துக்கடையில் எளிதாகக் கிடைக்கும் காலமைன் லோஷனைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

காலமைன் என்பது துத்தநாக ஆக்சைடுப் பொடி. சிறிதளவு இரும்பு ஆக்சைடு கலந்திருப்பதால்தான் அந்த இளஞ்சிவப்பு நிறம். பொடி நீரில் கரையாது, அடியில் தங்கிவிடும். அதனால் பாட்டிலை நன்றாகக் குலுக்கிய பிறகே ஊற்றுங்கள். தோலில் பூசியதும் அதிலுள்ள நீர் ஆவியாகி, சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தோல் குளிர்ந்தால் நமைச்சல் அடங்கும். காய்ந்து நிற்கும் பொடி ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்.

குளித்தபின் மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, பஞ்சில் நனைத்து மெதுவாகப் பூசுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். காய்ந்த பிறகு சட்டை போடுங்கள். கண்ணிலும் வாயிலும் திறந்த புண்ணிலும் படக்கூடாது. கொசுக்கடிக்கும் இது போதும். அம்மை போட்ட பிள்ளைக்கு வேப்பிலையால் வருடிக்கொடுப்பது நம் வழக்கம். உடையாத கொப்புளங்களின் மேல் காலமைனும் தடவலாம். கூடவே நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். கிள்ளினால் தழும்பு நின்றுவிடும். கைக்குழந்தைக்கோ கர்ப்பிணிக்கோ அம்மை கண்டால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

முக்கியமாக ஒன்று சொல்ல வேண்டும். காலமைன் நமைச்சலைத்தான் அடக்கும். அதன் காரணத்தை நீக்காது. வியர்வை வெளியேறும் வழி அடைபடுவதால் வருவது வேர்க்குரு. காற்றோட்டமான இடமும் தளர்ந்த பருத்தி உடையும் இருந்தால் தானே வடிந்துவிடும். அதன்மேல் கெட்டியான எண்ணெய் பூசாதீர்கள். ஆனால் எல்லா அரிப்பும் வேர்க்குரு அல்ல. வட்டமாகப் படரும் படர்தாமரை பூஞ்சையால் வருவது. விரலிடுக்கில் தொடங்கி, இரவில் அதிகமாகி, வீட்டில் பலருக்கும் தொற்றும் அரிப்பு சிரங்காக இருக்கலாம். இவற்றுக்குத் தனித்தனி மருந்து உண்டு.

இங்கேதான் பலர் ஏமாந்துபோகிறார்கள். காலமைனுக்குக் கேட்கவில்லை என்றதும், யாரோ சொன்ன களிம்பை வாங்கிப் பூசுகிறார்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் முதலில் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும். ஆனால் உள்ளே படர்தாமரை பரவிக்கொண்டே இருக்கும். தொடர்ந்து பூசினால் தோலும் மெலிந்துபோகும். மருத்துவர் எழுதித் தராத எந்தக் களிம்பையும், குறிப்பாகக் குழந்தைகளுக்கு, தயவுசெய்து தடவாதீர்கள்.

சீழ், காய்ச்சல், பரவும் சிவப்பு, ஒரு வாரமாகியும் விடாத அரிப்பு – இவற்றில் எது இருந்தாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பூச்சி கடித்தபின் உதடோ முகமோ வீங்கினால், மூச்சு திணறினால், லோஷனைத் தேடி நேரத்தைக் கடத்தாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.